நடைபாதையில் பதித்த பள்ளிச் சின்னம் ஒரே வருசத்தில் பெயர்கிறது, என்ன செய்யலாம்?

பழைய மாணவன்:
வணக்கம். பள்ளிப் பொன்விழாவுக்கு எங்கள் செட் ஆட்கள் காசு போட்டு, கேட்டிலிருந்து ஆபீஸ் போகும் பேவர் பிளாக் பாதை நடுவே 4 அடி விட்டத்தில் பள்ளிச் சின்னம் பதித்தோம். வெள்ளை சிமெண்டில் கலர் பொடி கலந்து, எழுத்தோரங்களுக்கு அலுமினியப் பட்டை வைத்து, மொசைக் தரை மாதிரியே தேய்த்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். விழா அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஐப்பசி மழை, ஒரு சித்திரை வெயில், அவ்வளவுதான். நீலம் சாம்பலாகிவிட்டது, பட்டைகள் எழும்பிச் செருப்பில் மாட்டுகின்றன, பட்டையோரம் வெள்ளையாகப் பொடி பூக்கிறது, வட்டத்தின் விளிம்பு உதிர்கிறது, மழையில் இரண்டு பிள்ளைகள் வழுக்கி விழுந்தும் விட்டார்கள். மேலே எபாக்ஸி (இறுகிப் பளபளக்கும் பிசின் பூச்சு) ஊற்றி மூடினால் நிற்குமா?

கொத்தனார் மகன்:
அண்ணா, முதலில் இரண்டு கேள்வி. வட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? அந்த வழியாக வண்டி போகுமா?

பழைய மாணவன்:
அடியில் 2 அங்குலம் சிமெண்ட் கலவை, அதற்குக் கீழே பேவருக்குப் போட்ட அதே எம் சாண்ட். பள்ளி வேன் அங்கேதான் திரும்பும்.

கொத்தனார் மகன்:
அப்போ விளிம்பு உடைந்ததில் ஆச்சரியமே இல்லை. பேவர் ஒவ்வொரு கல்லாகத் தனியே அசைந்து கொடுக்கும், உங்கள் வட்டம் ஒரே வில்லை, வேன் சக்கரம் ஏறும்போது இரண்டும் சேர்ந்து இறங்காது. அலுமினியம் வைத்ததும் தப்பு. ஈரச் சிமெண்டில் இருக்கும் காரம் அதை அரிக்கும், நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் அதுதான். தவிர, வெயிலில் அலுமினியம் சிமெண்டைப் போல இரண்டு மடங்கு நீளும். 40 டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் பட்டை கிட்டத்தட்ட 1 மி.மீ. நீளும், கான்கிரீட் அதில் பாதிகூட நீளாது. பிறகு மேலே எழும்பாமல் எங்கே போகும்? பித்தளை இதைவிடத் தேவலை. நீலத்தைப் பொறுத்தவரை, சிமெண்டிலும் வெயிலிலும் நம்பி விடக்கூடியவை இரும்பு ஆக்சைடு கலர்கள், அதாவது சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நிற்கிற நீலம் கோபால்ட்டில் உண்டு, விலை கேட்டால் தலை சுற்றும்.

கலர் கடை:
நல்ல தளமாகப் போட்டு மேலே எபாக்ஸி ஊற்றினால் என்ன குறை? எங்கள் ஷோரூமில் ஐந்து வருசமாக அப்படியே இருக்கிறது.

கல் பட்டறை:
ஷோரூமுக்கு வெயில் வருமா சார்? வெளியில் சாதாரண எபாக்ஸி மஞ்சளடித்துப் பொடியும், அடியில் ஈரம் இருந்தால் கொப்பளிக்கும், வழுக்கலும் கூடும். பழைய மாணவன் சாருக்கு என் யோசனை, முழுசாகத் தோண்டிவிடுங்கள். கீழே நன்றாக இடித்து இறுக்கி, கம்பி வலை வைத்து 4 அங்குலம் கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் கட்டுங்கள். மேலே கிரானைட் பதியுங்கள். கறுப்பையும் வெள்ளையையும் வாட்டர்ஜெட்டில், அதாவது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அறுக்கும் மெஷினில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்துவோம். வெள்ளைக்கு மார்பிள் மட்டும் வேண்டாம், அது மெது, பக்கத்துக் கிரானைட் அப்படியே நிற்க இது தேய்ந்து குழியாகும். பாலிஷும் வேண்டாம், தீயில் பொரித்த சொரசொரப்புப் போதும், அதையும் வெட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், வெட்டிய சிறு துண்டைச் சூடு காட்டினால் தெறித்துவிடும். வட்டத்தைச் சுற்றி 10 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கும் பியூ சீலன்ட் அடைப்பு அடியுங்கள், தண்ணீர் வடிய லேசாகச் சரிவும் வையுங்கள். வேனுக்கு வேறு வழி காட்டிவிடுங்கள். தமிழ் எழுத்து சிறிதாக வேண்டாம், ‘ண’வின் சுழிக்குள் வரும் கல் 10 மி.மீ.க்குக் கீழே போனால் பதிக்கும்போதே கையோடு வந்துவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, சின்னத்தில் என்ன இருக்கிறது?

பழைய மாணவன்:
குத்துவிளக்கும் திறந்த புத்தகமும் ஐயா.

வாத்தியார்:
புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதையே மிதிக்கத் தரையில் பதித்தால் எப்படி? கல் எத்தனை உறுதியானால் என்ன.

பழைய மாணவன்:
உண்மைதான் ஐயா. சின்னப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள், நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். சரி, சின்னத்தைக் கேட் தூணில் ஏற்றிவிடுகிறோம். தரைக்கு வெறும் கோலம் வைக்கலாமா?

கல் பட்டறை:
தாராளமாக. நெளிவில்லாத படிக்கோலமாக எடுங்கள், கோடு ஓரங்குலத்துக்குக் குறையாமல். எல்லாம் நேர்கோடு என்பதால் வாட்டர்ஜெட்கூடத் தேவைப்படாது, சாதாரண கட்டரிலேயே வெட்டிவிடலாம், செலவு பாதியாகும். அளவு குறித்த படம் ஒன்று அனுப்புங்கள், எத்தனை சதுர அடி கல் என்று சொல்கிறேன்.