மதர்போர்டிலிருந்து ப்ராசஸருக்குள் குடியேறியவை

டெஸ்க்டாப் ப்ராசஸர்களின் வளர்ச்சியைப் பலரும் மெகாஹெர்ட்ஸ் கணக்கில்தான் நினைவுகூர்கிறார்கள். கேபினெட்டைத் திறந்து பார்த்தே பழகிய எனக்கு அது வேறு விதமாக மனத்தில் பதிந்திருக்கிறது: மதர்போர்டில் தனியாக இருந்த சிப்கள் ஒவ்வொன்றாக ப்ராசஸருக்குள் குடியேறிய வரலாறாகவே அதைப் பார்க்கிறேன்.

நான் முதலில் கையாண்ட 386 என்ற ப்ராசஸர் கொண்ட மதர்போர்டில், அதற்கு அருகே ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. தசம எண் கணக்குகளை விரைவாகச் செய்யும் 387 என்ற துணைச் சிப்பை வேண்டுமானால் வாங்கிப் பொருத்திக்கொள்வதற்கான இடம் அது. 1989-இல் வந்த 486, அந்தப் பகுதியையும் அடிக்கடி தேவைப்படும் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வேக நினைவகமான கேஷை 8 கிலோபைட் அளவிலும் தன்னுள்ளேயே கொண்டிருந்தது.

இந்த இடமாற்றத்தைக் கண்கூடாகக் கண்டது 1997-இல் வெளியான பென்டியம் II-இல்தான். நிற்கவைத்துச் செருகும் அதன் கறுப்பு உறையைக் கழற்றினால், உள்ளே ஒரு சர்க்யூட் போர்டில் ப்ராசஸரும் தனித்தனிக் கேஷ் சிப்களும் தெரியும். முந்தைய பென்டியத்தில் மதர்போர்டில் இருந்த இரண்டாம் நிலை கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய கேஷுக்கு அடுத்த, பெரிய கேஷ்) இங்கே நெருங்கி வந்திருந்தாலும், ப்ராசஸரின் பாதி வேகத்தில்தான் இயங்கியது. மறு ஆண்டு வந்த செலரான் 300ஏ-யிலோ, கேஷ் 512 கிலோபைட்டிலிருந்து 128-ஆகக் குறைந்தபோதிலும், அது ப்ராசஸரோடு ஒரே சிலிக்கான் துண்டில் அமைந்து முழு வேகத்தில் ஓடியது. விலை குறைந்த அந்தச் சிப் பல வேலைகளில் பென்டியம் II-க்கு ஈடுகொடுத்ததைப் பயன்படுத்தி உணர்ந்த பிறகு, கேஷின் அளவை மட்டும் பார்த்து ப்ராசஸரை மதிப்பிடுவதை விட்டுவிட்டேன்.

2003-இல் ஏஎம்டியின் அத்லான் 64 வந்தபோது எல்லோரும் 64 பிட்டைப் பற்றியே பேசினார்கள். ஆனால் அதுவரை மதர்போர்டின் நார்த் பிரிட்ஜ் சிப்பில் இருந்த, ரேமுடனான தரவுப் போக்குவரத்தைக் கவனிக்கும் மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள் வந்து, ரேமிலிருந்து தரவு வந்துசேரும் தாமதம் குறைந்ததுதான் அன்றாடப் பயன்பாட்டில் உடனே பலன் தந்த மாற்றம் என்பது என் உறுதியான கருத்து. இன்டெல் அதே வழிக்கு 2008-இல் முதல் கோர் ஐ7 வாயிலாக வந்தது. 2011-இன் சாண்டி பிரிட்ஜில் கிராஃபிக்ஸும் அதே சிலிக்கானில் சேர்ந்துகொள்ள, நார்த் பிரிட்ஜுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

2019-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசை இந்தப் போக்கைப் பாதி திருப்பியது. கணக்குகளைச் செய்யும் பகுதிகளான கோர்கள் 7 நானோமீட்டர் தொழில்நுட்பச் சிலிக்கானிலும், மெமரி கன்ட்ரோலர் அதைவிடப் பழைய தொழில்நுட்பத்தில் செய்த வேறொரு சிலிக்கானிலும் பிரிந்தன. ஆனால் இரண்டும் ஒரே மூடிக்கடியில்தான் இருக்கின்றன.