பூனைக்குட்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சி, வீட்டில் இருப்பதை வைத்தே போக்க முடியுமா?

காங்கேயம் ஓட்டுவீடு:
வணக்கமுங்க. எங்கள் அட்டாலியில் (பரணில்) கிடந்த பனியன் வேஸ்ட் மூட்டைமேல் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஐந்து வாரம் ஆகிறது. குட்டிகளின் வயிற்றில் தெள்ளுப்பூச்சி ஓடுகிறது, எங்களுக்கும் கணுக்காலைச் சுற்றிக் கடித்துத் தடித்துவிட்டது. அப்பத்தா தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் ஃபினாயில் தெளிக்கச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் டவுனுக்குப் போக முடியும். அதுவரை என்ன செய்யலாம்? ஒரு குட்டி மட்டும் ரொம்பச் சோர்வாக இருக்கிறது.

சோமனூர் தறிக்காரர்:
கற்பூரம் வேண்டாமுங்க. பூனை உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், தேய்த்ததெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். போன வருஷம் எங்கள் பூனைக்கு நான் நீலகிரித் தைலம் தடவினேன். அரை மணி நேரத்தில் எச்சில் ஒழுகியது, பின்னங்கால் தள்ளாடியது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது, ஆனால் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. இந்த மாதிரிப் பொருளை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவாம். ஃபினாயிலும் அப்படித்தான். தரையில் தெளித்தாலும் பாதத்தில் ஒட்டும், அதையும் நக்கும்.

கோபி அக்கா:
முதலில் அந்தச் சோர்ந்த குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஞாயிறு வரை காக்காதீர்கள், இன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். சின்னக் குட்டிக்கு உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம், தெள்ளு குடித்தே அதைக் குறைத்துவிடும்.

மற்ற இரண்டுக்கும் வீட்டுச் சாமான் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். கழுத்தைச் சுற்றித்தான் முதலில் நுரை போட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு நனைந்ததும் பூச்சியெல்லாம் காதுக்கும் கண்ணுக்கும் ஏறிவிடும். முகத்தில் தண்ணீர் ஊற்றாமல் அலசி, உடனே துவட்டிச் சூடாக வையுங்கள். சோர்ந்த குட்டியைக் குளிப்பாட்ட வேண்டாம். அப்புறம் தினமும் பேன்சீப்பால் வாருங்கள், தாய்ப்பூனையையும் சேர்த்து. சீப்பில் வந்ததைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் செத்துவிடும். வெறும் தண்ணீர் என்றால் தப்பிவிடும்.

சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கருப்பாக வந்தால் வெள்ளைத் துணியில் வைத்து ஈரப்படுத்துங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், குட்டியின் ரத்தம்.

காங்கேயம் ஓட்டுவீடு:
ஈறு வெளுத்துத்தான் இருந்ததுங்க அக்கா. உடனே கொண்டுபோனோம். டாக்டர் மருந்து கொடுத்தார், வாரம் ஒருமுறை காட்டச் சொன்னார். மற்ற இரண்டையும் நீங்கள் சொன்னபடி குளிப்பாட்டினேன், தண்ணீரே சிவந்துவிட்டது. ஆனால் மறுநாள் வாரினால் திரும்பவும் இருக்கிறதே?

பல்லடம் வாசகர்:
நாய்க்குப் போடும் பவுடர் கொஞ்சம் தூவுங்கள். எங்கள் நாய்க்கு ஒரே நாளில் போனது.

கோபி அக்கா:
தயவுசெய்து வேண்டாம். நாய் மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரும், உயிரே போகலாம். பூனைக்கென்று கழுத்தில் விடும் சொட்டு மருந்து இருக்கிறது. அதையும் டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி உள்ள சொட்டு எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு ஆகாது.

திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அட்டாலி மூட்டை. பூனைமேல் இருப்பது கொஞ்சம்தான். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டை கூட இடும், எல்லாம் உதிர்ந்து துணியிலும் தரைச் சந்திலும் விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து இடுக்கில் ஒளியும். பிறகு கூடு கட்டும், தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. அதற்குள் எந்த மருந்தும் சரியாகப் போகாது, மாதக்கணக்கில் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த தோட்டத்து வீட்டுக்கு நோம்பிக்குப் போய்க் கதவைத் திறந்ததும் காலைக் கடிக்கிறதே, அதுதான். நம் நடையின் அதிர்வும் உடம்புச் சூடும் தட்டியதும் வெளியே வருகிறது.

சோமனூர் தறிக்காரர்:
நானும் பூனையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு மாதம் வீணாக்கினேன். பஞ்சும் துணியும் இருக்கும் வீட்டில் அதுதான் தெள்ளுக்குக் கூடு. வேஸ்டை எரித்துவிடுங்கள். குட்டிக்குப் பழைய வேட்டி விரித்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்து அலசி, உச்சி வெயிலில் போடுங்கள். அட்டாலியையும் கட்டில் அடியையும் தினமும் கூட்டி, குப்பையை உடனே எரியுங்கள். ராத்திரி ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து மேலே பழைய குண்டு பல்பு எரியவிட்டால் சூட்டுக்குக் குதித்து விழும். அதனால் தெள்ளு ஒழியாது, ஆனால் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்க உதவும்.

காங்கேயம் ஓட்டுவீடு:
பூண்டு, எலுமிச்சைச் சாறு?

கோபி அக்கா:
இரண்டும் பூனைக்கு ஆகாது. பூண்டு ரத்தத்தையே கெடுக்கும். உங்கள் குட்டிக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. இன்னொன்று, மலத்தில் அரிசி மாதிரி துண்டு தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தெள்ளை நக்கி விழுங்குவதால் நாடாப்புழு வந்துவிடும்.

காங்கேயம் ஓட்டுவீடு:
இருபத்திரண்டாம் நாள். முதல் நாள் தட்டில் 31 விழுந்தது, நேற்று 2. மூட்டையை எரித்துவிட்டோம். கூட்டும் வேலையை அப்பத்தாவே எடுத்துக்கொண்டார், காலையும் பொழுதோடயும் சீமாற்றோடு அட்டாலி ஏணியில் நிற்கிறார். அந்தக் குட்டியின் ஈறு இளஞ்சிவப்பாகிவிட்டது. இப்போது அதுதான் மற்ற இரண்டையும் கடித்து இழுக்கிறது. சீப்பை இன்னும் நிறுத்தவில்லைங்க அக்கா.