புதுப்பிப்பு: வில்லியம் மன்னர் பதக்கம், பதில் கிடைத்துவிட்டது

இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியமின் முகமும் 1066 என்ற ஆண்டும் உள்ள வெண்கலப் பதக்கம் எந்தக் காலத்தது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆண்டைப் பார்த்து சிலர் 'ஆயிரம் வருஷப் பழசு' என்றார்கள். சரி, அது இல்லை.

இந்தப் பதக்கத்தை அடித்தவர் ஜெனீவாவின் பதக்கச் சிற்பி ழான் தாசியே. வில்லியம் முதல் இரண்டாம் ஜார்ஜ் வரை இங்கிலாந்தை ஆண்டவர்களை வரிசையாக, ஆளுக்கொரு பதக்கமாக 1731 வாக்கில் வெளியிட்டார். குறுக்களவு சுமார் 41 மில்லிமீட்டர். பின்பக்கத்தில் கல்லறைச் சின்னம். அதன் கீழே பொடி எழுத்தில் பிறப்பு, முடிசூட்டு, இறப்பு ஆண்டுகள். 1066 என்பது முடிசூட்டு ஆண்டு.

முகம்தான் வேடிக்கை. வில்லியமை நேரில் பார்த்து வரைந்த நம்பகமான படம் எதுவும் கிடையாது. ஆகவே அந்த மீசையும் முறைப்பும் கற்பனைதான். பிற்கால மன்னர்களுக்கு ஓவியங்கள் இருந்ததால் அவர்கள் சாயல் பரவாயில்லை.

அப்புறம், பளபளப்பாக்கச் சொன்னவர்களுக்கு: மாட்டேன். அந்தப் பழுப்பு நிறம் போனால் மதிப்பும் போய்விடும். அடுத்து எட்டாம் ஹென்றியைத் தேடுகிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.