போர்பன்–ரை கலவை: டிகிரி வேறான இரண்டு பாட்டிலை எப்படி ஒப்பிடுவது?

அணைமேடு, கிருஷ்ணகிரி:
கையில் இரண்டு பாட்டில். ஒன்றில் "பிளெண்ட் ஆஃப் ஸ்ட்ரெய்ட் விஸ்கீஸ்" என்று போட்டிருக்கு. போர்பனும் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி) ரையும் (ரை தானிய விஸ்கி) சேர்ந்தது, ஆல்கஹால் அளவு, அதாவது டிகிரி, 58 சதவீதம். இன்னொன்று "பிளெண்டட் போர்பன்", 40 சதவீதம். ராவாக அடுத்தடுத்து ருசி பார்த்தால் முதலாவதில் எரிச்சல் மட்டும்தான் தெரியுது, இரண்டாவது தண்ணி மாதிரி இருக்கு. எது நல்ல கலவை என்று எப்படி முடிவு பண்ணுவது? ரை எவ்வளவு சேர்த்திருக்காங்க என்பதை நாக்காலேயே பிடிக்க முடியுமா?

தொப்பூர்_கணவாய்:
முதலில் லேபிளைப் பார்க்கணும். அந்த இரண்டும் ஒரே வகைச் சரக்கே இல்லை. அமெரிக்கச் சட்டப்படி "பிளெண்டட் போர்பன்" என்று போட 51 சதவீதம் ஸ்ட்ரெய்ட் போர்பன் இருந்தால் போதும். மீதி இடத்தில் மணம் இல்லாத நியூட்ரல் ஸ்பிரிட் வரலாம், நிறமும் சேர்க்கலாம். ஸ்ட்ரெய்ட் போர்பன், ஸ்ட்ரெய்ட் ரை என்றால், உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில் குறைந்தது 2 வருஷம் கிடந்திருக்கணும். தண்ணி மாதிரி தெரிவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். நிறத்தை வைத்து வயசு சொல்ல வேண்டாம்.

ரை அளவை நாக்கால் பிடிக்க முடியாது. ஏன் என்றால் போர்பனுக்குள்ளேயே ரை தானியம் இருக்கு. போர்பனுக்கு மக்காச்சோளம் குறைந்தது 51 சதவீதம் இருக்கணும், மீதியில் பெரும்பாலும் ரையும் போடுவாங்க. ஃபோர் ரோசஸ் என்ற போர்பன் கம்பெனி இரண்டு தானியக் கலவை வைத்திருக்கு: ஒன்றில் ரை 20 சதவீதம், மற்றதில் 35. ரை விஸ்கியிலும் அதே கதை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் வடிக்கிற ஒரு பேர்போன ரை விஸ்கியில் 95 சதவீதம் ரை. கென்டக்கி பக்கம் 51-ஐ ஒட்டியே நிற்கிறவையும் உண்டு.

கணக்கு போட்டுப் பாருங்க. 20 சதவீத ரை உள்ள போர்பன் 70 பங்கு, 95 சதவீத ரை விஸ்கி 30 பங்கு என்றால் மொத்தத்தில் ரை தானியம் 42.5 சதவீதம். அதே 70:30-ல் 51 சதவீத ரை விஸ்கியைப் போட்டால் 29.3-தான். ஒரே விகிதம், ருசி வேற. வைல்ட் டர்க்கி என்ற போர்பன் கம்பெனி 2013-ல் தவறுதலாகக் கலந்துபோனதை "ஃபர்கிவன்" என்ற பெயரில் விற்றாங்க; அதில் போர்பன் 78, ரை 22. அந்த அளவிலேயே ரையின் காரம் தெரியும் என்பதுக்கு அது நல்ல உதாரணம்.

ராயக்கோட்டை_ரோடு:
லேபிள் விஷயம் சரி, ஆனால் 58-ஐயும் 40-ஐயும் பக்கத்தில் வைத்தால் எந்தச் சரக்கும் நியாயமாக மதிப்பிடப்படாது. முதலில் டிகிரியைச் சமப்படுத்துங்க. ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று மருந்துக்கடையில் வாங்கிக்கலாம். சேர்க்கவேண்டிய தண்ணீர் = சரக்கு அளவு × (இருக்கும் சதவீதம் ÷ வேண்டிய சதவீதம் − 1). 10 மில்லி 58-ஐ 40-க்கு இறக்க 4.5 மில்லி. கலந்து, மேலே ஒரு தட்டு மூடி 15 நிமிஷம் விடுங்க. உடனே மோந்தால் ஒரு மாதிரியும் கொஞ்ச நேரம் கழித்து வேற மாதிரியும் இருக்கும்.

டம்ளர் வேண்டாம். வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ்தான் மணத்தை நிறுத்தும். எலுமிச்சை வாசனை சோப்பு ஒட்டியிருந்தால் எல்லாமே எலுமிச்சையாகத்தான் தெரியும். வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் மதியம் பார்க்கவே கூடாது. ஆல்கஹால் வேகமாக ஏறி மூக்கை எரிச்சுடும். விடியற்காலை நல்லது. மூக்கைக் கண்ணாடிக்குள் விடாமல் விளிம்புக்கு மேல் வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மோந்து பாருங்க.

எதைத் தேடுவது? போர்பன் பக்கம் பாகு காய்ச்சும்போது வரும் வெல்ல மணம், வெனிலா, கொப்பரை. ரை பக்கம் மிளகு, கிராம்பு, புதினா, சோம்பு, கடைசியில் நாக்கை வறட்டும் காய்ந்த மூலிகைக் கசப்பு. நல்ல கலவையில் வெல்லம் முதலில் வந்து, காரம் பின்னால் எழணும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் கலவை இன்னும் சேரவில்லை என்றுதான் நான் சொல்வேன். நடுவில் உப்பில்லாத பொரி போதும், மிக்சர் கூடாது.

அணைமேடு:
தண்ணி எது அண்ணா? எங்க வீட்டில் போர் தண்ணி.

ராயக்கோட்டை_ரோடு:
போர் தண்ணி வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் உப்பு, சுண்ணாம்பு அதிகம், ருசியே மாறிடும். ஆர்.ஓ. தண்ணி போதும்.

தொப்பூர்_கணவாய்:
ஒன்று சேர்க்கிறேன். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத சரக்கை 46-க்குக் கீழே இறக்கினால் லேசாகக் கலங்கலாம். கெட்டுப்போகவில்லை. ஆனால் 58-ல் போட்டவர் நினைத்த கனம் 40-ல் கிடைக்காது. அதனால் சமப்படுத்திப் பார்த்த மறுநாள், 58-ஐத் தனியாக 50-க்கு இறக்கியும் ஒரு தடவை பாருங்க. 10 மில்லிக்கு 1.6 மில்லி தண்ணீர்.

முடிவுக்கு முக்கோணச் சோதனை. மூன்று கண்ணாடி, இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மற்றது. எது எது என்று ஊற்றினவருக்கு மட்டும் தெரியணும். வேறானதைக் கண்டுபிடிக்கணும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒன்று சரியாகும், அதனால் ஒரு தடவை போதாது. 5 சுற்றில் 4 சரி என்றால் உண்மையிலேயே தெரியுது. கண்ணாடிக்கு 5 மில்லி, மோந்து, வாயில் சுழற்றித் துப்பிடுங்க. விழுங்கினால் மூன்றாவது சுற்றுக்கு மேல் நாக்கு சொல்வதை நம்ப முடியாது. 40-க்கு இறக்கியும் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், முன்பு தெரிந்தது டிகிரி வித்தியாசம் மட்டும்தான்.

பாட்டில் பாதிக்குக் கீழே போனால் சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, நிமிர்த்தி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைங்க. படுக்க வைத்தால் கார்க் ஊறி உதிரும்.