அப்பாவுக்கு வெயில் தாங்கவில்லை: வயதா, காலநிலையா?

உப்புவெளிப் பெடியன்:
அப்பாவுக்கு 61 வயது, திருகோணமலை நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர். போன கிழமை பத்து மணி போல, வலையின் மடி கரையேறுகிற நேரம் பார்த்து இரண்டு காலும் பிடித்துக்கொண்டு, தலை சுற்றி, வாந்தியெடுத்து மணலிலேயே இருந்துவிட்டார். வியர்க்கவே இல்லை என்கிறார், ஆனால் சட்டை முதுகெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பிரஷர் குளிசை எடுக்கிறார், அதில் ஒன்று சலம் போவதற்கானது. "சித்திரை வெயிலுக்கே ஒன்றும் ஆகவில்லை" என்று மறுநாளும் போய்விட்டார். இது வயதா, காலநிலை மாற்றமா?

மூதூர் மாமா:
தம்பி, கச்சான் காற்று அடித்தால் ஊர் காய்வது நேற்று வந்த கதையா? நாங்கள் பழஞ்சோறும் மோரும் குடித்துவிட்டு வயலில் நின்றவர்கள். எல்லாவற்றையும் காலநிலை தலையில் கட்டாதீர்கள்.

வாட்டு அக்கா:
மாமா, கச்சான் பழசுதான். ஆனால் 1850–1900 காலத்தோடு பார்த்தால் 2011–2020இல் பூமி 1.1 பாகை சூடாகிவிட்டது, அந்தச் சூட்டின் மேலேதான் இப்போது கச்சானும் அடிக்கிறது. தம்பி, சித்திரையில் காற்று நின்று புழுங்கும், வியர்வை காயாமல் வழியும், உடம்பு ஆறாது. கச்சானில் நேர்மாறு. மலையைத் தாண்டி இறங்கி வருகிற வறண்ட காற்று, வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். அப்பா வியர்க்கவில்லை என்று நினைத்தது அதனால்தான், அந்த உப்புதான் சாட்சி. சலக் குளிசையும் சேர்ந்து தண்ணீரை இழுத்திருக்கும். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், கிளினிக்கில் நடந்ததைச் சொல்லுங்கள். ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) பிரஷர்காரர் நினைத்தபடி குடிக்கிற சாமான் இல்லை, அதையும் அங்கேயே கேளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்கட்டும். பேச்சுக் குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் உடனே 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கிண்ணியாக்காரன்:
இரவையும் பாருங்கள். எங்கள் வீடு அஸ்பெஸ்டஸ் சீற், பன்னிரண்டு மணிக்கும் மேலிருந்து சூடு இறங்கும். பகல் முழுக்க வெந்த உடம்பு இரவிலும் ஆறாவிட்டால் இதயத்துக்கு எங்கே ஓய்வு? அப்புறம், வறட்சி என்று பரலில் தண்ணீர் பிடித்து வைத்தால் மூடி போடுங்கள். சூடு கூடினால் நுளம்புக்குள் டெங்குக் கிருமி சீக்கிரம் பெருகும். 2017இல் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும், அந்த வருடம் நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் டெங்கு வந்தது.

உப்புவெளிப் பெடியன்:
நன்றி அக்கா. சட்டையைக் காட்டிச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பாதியில் வலையை விட்டுவிட்டு வர முடியாது, வந்தால் பங்கும் இல்லை, அதுதான் அவருடைய பிரச்சினை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுக் கரையில் ஒரு கிடுகுக் கொட்டில் போடப் பார்க்கிறோம். வியாழன் கிளினிக்குக்கு நானே கூட்டிப் போகிறேன்.