தமிழ் வேதாகமத்தில் முதன்மை வாக்கியம் எது, துணை எது: எப்படிப் பிரிப்பது?

கேள்வி: புதன் மாலைக் குழு

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தெருவில் புதன்கிழமை மாலை பெண்கள் சிலர் கூடி வேதம் படிக்கிறோம். நடத்துவது நான். ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைப் பின்பற்றி, ஒவ்வொரு வசனத்திலும் கிளாஸ் (clause, வினையோடு வரும் வாக்கியப் பகுதி) எது, ஃபிரேஸ் (phrase, சொற்றொடர்) எது என்று பிரித்து அடிக்கோடு போட்டு வருகிறோம். ஆங்கில வேதாகமத்தில் ஓரளவு சரியாக வருகிறது. ஆனால் எங்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது, எல்லோர் மடியிலும் இருப்பது பழைய தமிழ் மொழிபெயர்ப்புதான். அதில் இந்த முறை ஓடவே மாட்டேன் என்கிறது.

இந்த வாரம் முதலாம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களை எடுத்தோம்: "துன்மார்க்கருடைய ஆலோசனையில் நடவாமலும், பாவிகளுடைய வழியில் நில்லாமலும், பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராமலும், கர்த்தருடைய வேதத்தில் பிரியமாயிருந்து, இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்."

ஆறு வினை இருப்பதால் ஆறு கிளாஸ் என்றார் ஒருவர். முற்றுப்புள்ளி ஒன்றுதானே, ஆகவே ஒரே கிளாஸ் என்றார் இன்னொருவர். முதலில் எழுவாயைப் பிடி, அடுத்து வினையைப் பார் என்கிறது புத்தகம். இங்கே எழுவாய் வருவதற்குள் ஒரு வசனம் முழுதாக முடிந்து இரண்டாம் வசனமும் முடியப் போகிறது!

இலக்கணத்தைப் பள்ளியோடு விட்டவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.

பதில் 1: ஆங்கில வாத்தியார்

ஆங்கிலத்தில் விதி எளிது. முற்றுவினை (வாக்கியத்தை முடித்து வைக்கிற வினை) இருந்தால் கிளாஸ், இல்லாவிட்டால் ஃபிரேஸ். அதன்படி நீங்கள் காட்டிய சங்கீதத்தில் ஒரே ஒரு கிளாஸ்தான். 'நடவாமலும்' முதல் 'தியானமாயிருக்கிற' வரை எல்லாமே ஃபிரேஸ். இதையே தமிழுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பதில் 2: ஓய்வு பெற்ற தமிழாசிரியை

சகோதரி, பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் சபையில் வாலிபப் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். உங்கள் குழு வசனத்தைப் பிரித்துப் பார்க்க முயல்வதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழ் வசனத்தைக் கடைசியிலிருந்து படியுங்கள். வாக்கியத்தை முடித்து வைக்கிற சொல் தமிழில் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும். அதைச் சுற்றிப் பென்சிலால் கட்டம் போடுங்கள். இந்தச் சங்கீதத்தில் அது 'பாக்கியவான்'. வினைச்சொல்லே இல்லை, பெயர்ச்சொல்தான் பயனிலையாக நிற்கிறது. யார் பாக்கியவான்? மனுஷன். முதன்மை வாக்கியம் இவ்வளவுதான்: மனுஷன் பாக்கியவான். மற்றதெல்லாம் 'எப்படிப்பட்ட மனுஷன்' என்ற கேள்விக்குப் பதில்.

அப்புறம், முடியாமல் நிற்கிற வினைகளைத் தேடுங்கள். எச்சம் என்று படித்தோமே, அவைதான். ஒவ்வொன்றும் எந்தச் சொல்லில் போய் முடிகிறது என்று கேட்டு அங்கே ஒரு அம்புக்குறி போடுங்கள். 'தியானமாயிருக்கிற' பெயரெச்சம் (ஒரு பெயரில் போய் முடிகிற எச்சம்), அது 'மனுஷன்' என்ற சொல்லுக்குப் போகிறது. 'நடவாமலும்', 'நில்லாமலும்', 'உட்காராமலும்', 'பிரியமாயிருந்து' நான்கும் வினையெச்சம் (ஒரு வினையில் போய் முடிகிற எச்சம்), அவை 'தியானமாயிருக்கிற' என்பதற்குப் போகின்றன. மிஞ்சுவது 'உட்காரும்'. அது 'இடத்தில்' என்ற சொல்லுக்குப் போகிறது. அங்கே உட்காருகிறவர்கள் பரியாசக்காரர்கள், நம் மனுஷன் அல்ல. ஆறு வினை என்று எண்ணிய சகோதரி சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஆனால் மனுஷனைப் பற்றியவை அவற்றில் ஐந்துதான்.

மேலே எழுதிய ஐயாவின் விதி ஆங்கிலத்துக்குப் பொருந்தலாம், தமிழுக்கு அதைக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியவில்லை. 'பரியாசக்காரர் உட்காரும்' என்பதில் செய்கிறவரும் இருக்கிறார், செயலும் இருக்கிறது. அதை வெறும் சொற்றொடர் என்றால், அந்தச் செயல் யாருடையது என்ற கேள்வியே விடுபட்டுப் போகும். எச்சம் இருந்தால் சார்பு வாக்கியம் (துணை வாக்கியம்) என்றே நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். வினையே இல்லாமல் நிற்பவைதான் சொற்றொடர்: 'துன்மார்க்கருடைய ஆலோசனையில்', 'பாவிகளுடைய வழியில்', 'இரவும் பகலும்'.

இனி, சார்பு வாக்கியம் என்ன வேலை செய்கிறது என்பதை எப்படி அறிவது? ஆங்கிலத்தில் அதைச் சொல்கிற சொல் துணை வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். தமிழில் அதன் முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரோமர் 5:1-ல் 'நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால்' என்று முடிவது காரணம். யோவான் 3:16-ல் 'நித்தியஜீவனை அடையும்படிக்கு' என்பது நோக்கம். 'படி' இல்லாமல், 'வந்தால்', 'செய்தால்' என்பது போல வினையோடு நேராக 'ஆல்' சேர்ந்து முடிந்தால் நிபந்தனை. 'என்று' வந்தால் ஒருவர் சொன்னதோ அறிந்ததோ வேண்டிக்கொண்டதோ அதற்குள் இருக்கும். ஒரு எச்சரிக்கை: 'படி' என்று கண்டதும் நோக்கம் என்று எழுதிவிடாதீர்கள். 'அடையும்படி' வினையோடு சேர்ந்தது. 'தீர்மானத்தின்படி' பெயரோடு சேர்ந்தது, அது சொற்றொடர் மட்டுமே.

இதைச் சொன்னதும் ரோமர் 8:28-க்கு வந்தே ஆகவேண்டும். "அன்றியும், அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்களாய் தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்." காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் நாம் பார்ப்பது 'சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்' என்ற துண்டை மட்டும்தான். துக்க வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு வருகிறோம். பிரித்துப் பாருங்கள். முற்று 'அறிந்திருக்கிறோம்', எழுவாய் 'நாம்' வெளியே தெரியாமல் நிற்கிறது. அறிந்தது என்ன என்பதை 'என்று' காட்டுகிறது. அதற்குள்ளே எழுவாய் 'சகலமும்', பயனிலை 'நடக்கிறது'. யாருக்கு நடக்கிறது? 'அன்புகூருகிறவர்களுக்கு.' நான்காம் வேற்றுமை உருபான அந்தக் 'கு' வெட்டுப்பட்டால் வாக்குத்தத்தம் யாருக்கென்றே தெரியாமல் போகிறது. 'அறிந்திருக்கிறோம்' வெட்டுப்பட்டால் இதைப் பேசுவது யார் என்பது போகிறது. பாடுபடுகிற சபையோடு தன்னையும் சேர்த்து, நாம் அறிந்திருக்கிறோம் என்கிறார் பவுல். பத்து வசனத்துக்கு முன்னால் 'இக்காலத்துப் பாடுகள்' என்று தொடங்கியவர் அவர். தூரத்தில் நின்று அடுத்தவருக்கு ஆறுதல் சொல்கிற பேச்சு அல்ல இது.

பதில் 3: இறையியல் மாணவன்

அம்மா, மிகவும் பயனுள்ள விளக்கம். ஒரு சந்தேகம். கடைசியில் நிற்கிற முற்றுதான் முதன்மை என்றால் மத்தேயு 28:19-20-ல் சிக்கல் வருகிறதே. தமிழில் 'புறப்பட்டுப்போய்', 'சீஷராக்கி', 'ஞானஸ்நானங்கொடுத்து' மூன்றும் எச்சம், 'உபதேசம்பண்ணுங்கள்' முற்று. ஆனால் கிரேக்கத்தில் ஏவல் (கட்டளை) வடிவில் இருப்பது 'சீஷராக்குங்கள்' என்ற வினை மட்டும்தான். போவது, ஞானஸ்நானம் கொடுப்பது, உபதேசிப்பது மூன்றும் அதைச் சார்ந்த எச்ச வடிவங்கள். தமிழை மட்டும் பிரித்தால், இயேசுவின் கட்டளையில் உபதேசம்தான் மையம் என்று ஒரு குழு முடிவு செய்துவிடாதா?

இன்னொன்று, இந்த வாக்கியம் 19-ல் தொடங்கி 20-ல் முடிகிறது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் கிரேக்கப் பதிப்பில் போட்டவை. எண்ணைப் பார்த்து வாக்கியம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதையும் குழுவில் சொல்லலாம்.

பதில் 4: ஓய்வு பெற்ற தமிழாசிரியை

தம்பி, நல்ல கேள்வி. தமிழில் வினை கடைசிக்குப் போவது மொழியின் அமைப்பு. கடைசியில் நிற்பதாலேயே அதற்குக் கனம் அதிகம் என்று அர்த்தமில்லை. 'கடைக்குப் போய் அரிசி வாங்கி வா' என்று அம்மா சொன்னால் முற்று 'வா' மட்டும்தான். ஆனாலும் போவதும் கட்டளை, வாங்குவதும் கட்டளை. அரிசி இல்லாமல் திரும்பி வந்துவிட்டு 'வா என்றுதானே சொன்னீர்கள்' என்று எந்தப் பிள்ளையும் சொல்ல முடியாது. இப்படி வரிசையாக வருகிற 'செய்து' என்ற வகை எச்சங்கள், முற்றில் இருக்கிற ஏவலைத் தாங்களும் வாங்கிக்கொள்ளும். ஆகவே மத்தேயுவில் தமிழ் வாசகருக்கு நான்குமே கட்டளைதான். அவற்றில் எது நடுநாயகம் என்பதைத் தமிழ் இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அங்கே நீங்கள் படிக்கிற கிரேக்கம் உதவட்டும். ஆனால் 'படியால்', 'படிக்கு', 'ஆல்' என்று உறவைக் காட்டுகிற இடங்களில் குழு தைரியமாகத் தமிழை நம்பலாம்.

பதில் 5: புதன் மாலைக் குழு

அம்மா, நன்றி. நேற்று குழுவில் 1 யோவான் 1:9-ஐக் கடைசியிலிருந்து பிரித்தோம். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்."

முதன்மை: அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார். நிபந்தனை: நாம் அறிக்கையிட்டால். 'மன்னித்து', 'நீக்கி' இரண்டுக்கும் அம்புக்குறியை 'உள்ளவராயிருக்கிறார்' வரைக்கும் கொண்டுபோனோம். சரியா? இந்த வசனத்தில் மன்னிப்புதான் முதன்மையாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கட்டத்துக்குள் தேவனுடைய குணம் வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் அடுத்த வசனத்துக்குப் போகவில்லை, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பதில் 6: ஓய்வு பெற்ற தமிழாசிரியை

கட்டம் போட்டது சரி, நிபந்தனையும் சரி. அந்த இரண்டு அம்புக்குறிகளை மட்டும் 'சுத்திகரிப்பதற்கு' என்ற சொல்லோடு நிறுத்துங்கள். மன்னிப்பது, நீக்குவது, சுத்திகரிப்பது மூன்றும் ஒரே வரிசை. 'சுத்திகரிப்பதற்கு' என்பதிலிருந்துதான் ஒரே அம்பு 'உள்ளவராயிருக்கிறார்' என்பதற்குப் போகும். அடுத்த புதன்கிழமை பிலிப்பியர் 4:13 எடுங்கள்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." எழுவாய் எது என்று முதலில் கேளுங்கள். எல்லோரும் 'நான்' என்பார்கள். அந்தச் சொல் வசனத்தில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.