சின்ன ஃபுல் ஃப்ரேம் வாங்கியவர்களே, எதை விட்டுக்கொடுத்தீர்கள்?

மாசி வீதி:

பழைய டிஎஸ்எல்ஆரைத் தூக்கிக்கொண்டு திருவிழாக் கூட்டத்தில் நிற்க இனித் தோள் ஒத்துழைக்காது. சின்னதாக ஒரு ஃபுல் ஃப்ரேம் (ஒளியைப் பதியும் சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்கு இருக்கும் கேமரா) வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த மாடல் என்பதில்தான் இழுபறி.

பார்த்தவரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்றை வெட்டியிருக்கிறது. பானாசோனிக் எஸ்9 (2024, அறிமுக விலை 1,499 டாலர்): வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) கிடையாது, மெக்கானிக்கல் ஷட்டர் (சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் நிஜத் திரை) கிடையாது. கனான் ஆர்8 (2023, அதே 1,499): பாடிக்குள் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்குள்) கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் கிடையாது. சோனி ஏ7சி 2 (2023, 2,200 டாலர்): எல்லாம் இருக்கிறது, ஆனால் வியூஃபைண்டர் சின்னது, மெமரி கார்டுக்கு ஒரே ஒரு ஸ்லாட். சிக்மா எஃப்பி 2019-லேயே பேட்டரி, கார்டோடு 422 கிராமுக்கு வந்துவிட்டது. அதிலும் வியூஃபைண்டரும் ஷட்டரும் இல்லை.

இதெல்லாம் ஸ்பெக் ஷீட்டிலேயே இருக்கிறது. நான் கேட்பது வேறு. வெட்டினதில் எது பிறகு வலித்தது, எது வலிக்கவே இல்லை? கடையில் ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தால் இது தெரியாது. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் நின்று படம் எடுப்பவன் நான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த லென்ஸ்:

கல்யாணம்தான் எனக்குப் பிழைப்பு. முதல் கேமரா சோனி ஏ7 4, இரண்டாவது ஏ7சி 2. இரண்டிலும் ஒரே 33 மெகாபிக்சல் சென்சார், ஒரே பேட்டரி. ஒன்று 658 கிராம், மற்றது 514. ஒரே மண்டபத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிப்பதால் வித்தியாசம் கைக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் எடைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். என் 24-70 மி.மீ. எஃப்/2.8 ஜூம் லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம் நுழையும்) 695 கிராம். அதைப் பெரிய பாடியில் மாட்டினால் 1,353 கிராம். சின்ன பாடியில் 1,209. இவ்வளவு விட்டுக்கொடுத்து மிச்சமானது பத்தில் ஒரு பங்கு. அதுவும் கனம் முழுக்க முன்னால் சாய்வதால் மணிக்கட்டுக்குச் சின்ன பாடிதான் அதிகம் வலிக்கிறது. சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் கீழே தொங்கும். இது சோனிக்கும் தெரிந்ததுதான். அதே உடம்பில் வந்த 61 மெகாபிக்சல் ஏ7சிஆருக்கு கிரிப்பை நீட்டும் துண்டு ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். சின்னதாகச் செய்துவிட்டு, பெரிதாக்கிக்கொள்ள ஒரு துண்டு!

அதே சின்ன பாடியில் 40 எஃப்/2.5 மாட்டுங்கள். லென்ஸ் 173 கிராம், மொத்தம் 687. அப்போது அது வேறு கேமரா. மணமகள் அறையில் அத்தையும் சித்தியும் பூ வைத்துவிடும்போது அதைத்தான் எடுத்துப் போவேன். பெரிய லென்ஸை நீட்டினால் எல்லாரும் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். இதற்கு அப்படி இல்லை, அவரவர் வேலை அவரவருக்கு.

இனி வலித்தது. கார்டு ஸ்லாட் ஒன்றுதான். தாலி கட்டும் நேரம் இரண்டாவது தடவை வராது, அதனால் அந்த அரைமணி நேரம் பெரியதுதான் கையில். அதில் இரண்டு கார்டிலும் ஒரே படம் பதியும். சின்னதில் எடுத்தால் சடங்கு முடிந்த கையோடு கார்டை உருவித் தனியாக வைத்துவிடுவேன்.

அடுத்தது ஷட்டர். ஏ7சி வரிசையில் முழு மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை. பதிவைத் தொடங்கும் முன்திரை எலக்ட்ரானிக், முடிக்கும் பின்திரை மட்டும் நிஜம். வேகம் 1/4000 நொடி வரைதான். நல்ல வெயிலில் எஃப்/1.4-இல் வேகத்தை ஏற்றி எடுத்தால், பின்னால் உருண்டையாக விழவேண்டிய ஒளிப்பொட்டுகள் ஓரம் நறுக்கினது போல விழும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். ஃபிளாஷும் 1/160-க்கு மேல் சேராது, பெரியதில் 1/250 வரை போகலாம். வெளிப்புறத்தில் வெயிலை அடக்கி ஃபிளாஷ் போடுபவர்களுக்கு இந்த இடைவெளி சின்னதில்லை.

வலிக்காதது வியூஃபைண்டர். அளவில் பெரியதைவிடச் சிறியதுதான் (0.70 மடங்கு, பெரியதில் 0.78). ஆனால் இடது ஓரத்தில் இருப்பதால் வலக்கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மூக்கு திரையில் இடிக்காது. பழகிவிட்டது.

ஸ்பெக் ஷீட்டில் இல்லாத இன்னொரு செலவும் உண்டு. ஒரு வரவேற்பில் பெண்ணின் சித்தப்பா பக்கத்தில் வந்து, “தம்பி, பெரிய கேமரா வண்டியிலயா இருக்கு?” என்று மெல்லக் கேட்டார். வாங்கிய காசுக்குக் கேமரா சின்னதாக இருக்கிறதே என்று அவருக்குக் கவலை. அதிலிருந்து மேடைக்குப் பெரியதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறேன், எடுப்பது எதில் என்றாலும்.

சபா ஓரம்:

கச்சேரிப் படம் எடுப்பவன். எனக்கு முதல் தேவை சத்தமே வராமல் இருப்பது. ஆலாபனை நடுவில் க்ளிக் என்று ஒரு சத்தம் வந்தால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதனால் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லாத ஒரு சின்ன ஃபுல் ஃப்ரேம் (மாடல் பேர் வேண்டாமே) எனக்கென்றே செய்தது போலத் தோன்றியது. மார்கழி முழுக்க அதையே வைத்திருந்தேன்.

பாடகர்களுக்குப் பிரச்சினை இல்லை. லயக்காரர்களிடம்தான் மாட்டியது. எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. வேகமான சென்சார் இல்லாத கேமராக்களில் இதற்கு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குகூட ஆகும். ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்தாலும் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி மாறாது. அதற்குள் தவில்காரர் குச்சி எங்கேயோ போய்விடுகிறது. படத்தில் நேரான குச்சி கொடுக்காப்புளி மாதிரி வளைந்து நின்றது. அவரிடம் காட்டியபோது சிரித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா இது என் குச்சி இல்லையே” என்றார்.

அடுத்தது விளக்கு. எல்இடி வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கும். வரிவரியாகப் படிக்கும் கேமராவில் அது படம் முழுக்கக் கிடைமட்டப் பட்டைகளாக விழும். பிந்தைய வேலையில் சரிசெய்வது பெரும்பாடு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் அதன் மினுக்கல் கணக்கே வேறு, 1/100-ம் காப்பாற்றாது. அங்கே போனதும் நான் முதலில் செய்வது, யாரும் வருவதற்கு முன் வெறும் மேடையை நாலு வேகத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது.

ஆக, ஷட்டர் இல்லாதது எனக்கு வரமும் அதுதான், சங்கடமும் அதுதான். மாசி வீதி, உங்களுக்கு வெயில் என்றீர்களே, வெயிலில் பட்டை விழாது. ஆனால் வியூஃபைண்டர் இல்லாத கேமராவைத் தேரோட்டத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். பத்து மணி வெயிலில் திரையில் உங்கள் சட்டையும் உங்கள் முகமும்தான் தெரியும். கூட்டத்தில் நாலு பக்கமும் இடிக்கும்போது கையை நீட்டிப் பிடிப்பதும் நடக்காது. கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் முகமே ஒரு தாங்கல்.

ரொறன்ரோக் குளிர்:

நான் வைத்திருப்பது கனான் ஆர்8. எங்கட பக்கம் கமரா என்றுதான் சொல்லுவம், அப்பிடியே எழுதுறன், குறை நினைக்காதேங்கோ.

இந்தக் கமராவை விளங்கிக்கொள்ள அதின்ர அண்ணனைப் பார்க்க வேணும். ஆர்6 மார்க் 2-இல இருக்கிற அதே 24 மெகாபிக்சல் சென்சார்தான் இதிலையும். அது 670 கிராம், வரேக்கை விலை 2,499 அமெரிக்க டொலர். இது 461 கிராம், 1,499. அந்த ஆயிரம் டொலருக்கு அண்ணனில் கிடைக்கிறது ஸ்டெபிலைசர், இரண்டு கார்ட், முழு மெக்கானிக்கல் ஷட்டர், பெரிய பற்றரி. படம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஸ்டெபிலைசர் இல்லையே என்று எல்லாரும் என்னை வெருட்டினவை. என்ர பிள்ளையள் ஓடி விளையாடுறதைத்தான் நான் கூட எடுக்கிறது. ஓடுற பிள்ளைக்கு எப்பிடியும் 1/250-க்கு மேல வேணும். அந்த வேகத்தில கை ஆட்டம் ஒரு விசயமே இல்லை. ஸ்டெபிலைசர் கையைத்தான் நிறுத்தும், பிள்ளையை நிறுத்தாது. இரவில அசையாத கட்டடத்தை எடுக்கேக்கை மட்டும்தான் குறை தெரியும். அதுக்கு ஸ்டெபிலைசர் உள்ள 35 எஃப்/1.8 லென்ஸ் இருக்கு, 305 கிராம். அது இல்லாத 28 எஃப்/2.8 வெறும் 120 கிராம். பாடியில குறைச்ச பாரத்தை லென்ஸில திருப்பி வாங்கிறதா இல்லையா என்பது உங்கட பாடு.

உண்மையாக் கஷ்டம் பற்றரிதான். இதில போடுறது 1,040 மில்லி ஆம்பியர் மணி. சோனிக்காரர் போடுறது 2,280. மைனஸில நிற்கேக்கை எந்த லித்தியம் பற்றரியும் சோர்ந்துபோகும், சின்னது கெதியாச் சோரும். ஜக்கெற்றின்ர உள்பொக்கற்றில உடம்புச் சூட்டோட இன்னொண்டு எப்பவும் இருக்கும். மதுரையில உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. ஆனாக் கையுறையோட சின்ன பட்டன் அமத்துறது எண்டால் அது தனிக் கதை.

நாற்பது எம்எம்:

யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன். ஃபுல் ஃப்ரேம் எதற்கு?

மேலே சொன்ன ஏ7சி 2, 40 எஃப்/2.5 ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 687 கிராம், அறிமுக விலைக்கு 2,200-ம் 600-ம் சேர்த்து 2,800 டாலர். லென்ஸைக் கழற்ற முடியாத ஃபியூஜி எக்ஸ்100 வரிசையின் ஆறாவது மாடல் 521 கிராம், அறிமுக விலை 1,599 டாலர். அதன் சென்சார் சின்னது, லென்ஸ் 23 மி.மீ. எஃப்/2. ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. எஃப்/3 எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதன் படம். எஃப்/2.5-க்கும் எஃப்/3-க்கும் நடுவே அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). அந்த அரை ஸ்டாப்புக்கு 1,200 டாலர், 166 கிராம். லென்ஸை மாற்றலாமே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் சின்னதாகவே இருக்க வேண்டும் என்று வாங்கியவர்களில் பாதிப்பேர் மாட்டிய லென்ஸைக் கழற்றுவதே இல்லை.

எஃப்/1.4 மாட்டினால் ஃபுல் ஃப்ரேம் தனியாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 50 மி.மீ. எஃப்/1.4 என்றால் ஒளி நுழையும் துளையே ஏறக்குறைய 36 மி.மீ. அகலம் வேண்டும். அதற்கு மேல் கண்ணாடி, மோட்டார், குழல். எந்தக் கம்பெனியாலும் அதைச் சுருக்க முடியாது. பெரிய சென்சாரின் பலன் பெரிய லென்ஸில்தான் இருக்கிறது, நாமோ பாடியைச் சின்னதாக்கச் சொல்லி அடம்பிடிக்கிறோம்.

பழைய ரோல்:

நாற்பது சொல்வது சரி. ஆனால் லென்ஸைக் கழற்றவே போவதில்லை என்றால், கழற்ற முடியாத ஃபுல் ஃப்ரேமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்டில் வாங்கிய முதல் சோனி ஆர்எக்ஸ்1. 2012-இல் வந்தது, 35 எஃப்/2 கார்ல் சைஸ் (Zeiss) லென்ஸோடு 482 கிராம். லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கொன்று அளந்து செய்ததால் லென்ஸின் பின்கண்ணாடி சென்சாரை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. எஃப்/2 ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் இவ்வளவு சின்னதாக முடிந்தது அதனால்தான். ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே. பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, வளைந்த குச்சியும் கிடையாது. சபா ஓரம் கவனிக்க.

சட்டைப் பையில் போகுமா என்று கேட்காதீர்கள், போகாது. லென்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும்.

இதில் விட்டுக்கொடுத்தது வியூஃபைண்டர் (தனியாக விற்றார்கள்), பேட்டரி (பாக்கெட் கேமராவில் போடுகிற அதே குட்டிப் பேட்டரி), ஆட்டோஃபோகஸ் வேகம். புதிதாக வாங்குவதென்றால் விலையைப் பாருங்கள். 2012-இல் 2,800 டாலர், 2015-இல் வந்த ஆர்எக்ஸ்1ஆர் 2-க்கு 3,300, 2025-இல் வந்த ஆர்எக்ஸ்1ஆர் 3-க்கு 5,100. மூன்றாவதில் 61 மெகாபிக்சல் வந்தது, இரண்டாவதில் இருந்த சாயும் திரை போய்விட்டது. ஸ்டெபிலைசர் எதிலும் இல்லை. லைக்கா க்யூ3-இல் அது இருக்கிறது, ஆனால் 743 கிராம், 2023-இல் வந்தபோதே 5,995 டாலர். அந்த எடையில் அதைச் சின்ன கேமரா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாசி வீதி:

எல்லாருக்கும் நன்றி. எஸ்9-ஐப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், சபா ஓரம் அண்ணன் சொன்ன வெயில் விஷயம் ஒன்றே போதும். லென்ஸ் மாற்றாமல் எனக்கு முடியாது. அழகர் இறங்கும் அன்று ஒன்று, தேருக்கு ஒன்று. கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் ஏ7சி 2 எட்டவில்லை. முதல் ஏ7சி, 2020-இல் வந்தது, ஒருவர் விற்கிறார். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முகூர்த்த லென்ஸ்:

தாராளமாகப் பாருங்கள். பேட்டரி அதே பெரியதுதான், ஸ்டெபிலைசர் உண்டு, 509 கிராம். வியூஃபைண்டர் இன்னும் குட்டி, 0.59 மடங்கு; அதை வெயிலில் நின்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். கண்ணாடி போடுபவர் என்றால் இன்னும் கவனம். முன்பக்க டயல் இல்லை, அபெர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஷட்டர் வேகமும் கட்டைவிரல் பாடு.

விற்பவரிடம் போகும்போது உங்கள் கார்டை எடுத்துப் போங்கள். எஃப்/16-இல் வெள்ளைச் சுவரை ஒன்று எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரியும். திரையை நாலு பக்கமும் திருப்பி, ஏதாவது ஒரு கோணத்தில் அணைகிறதா என்று பாருங்கள். ஸ்டெபிலைசரைப் போட்டு 1/10-இல் ஒன்று, அணைத்துவிட்டு அதே வேகத்தில் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிக் கலங்கியிருந்தால் வாங்காதீர்கள். மிச்சமாகும் காசை 40 எஃப்/2.5-இல் போடுங்கள். பாடியோடு வந்த கிட் லென்ஸையும் சேர்த்துத் தருகிறேன் என்பார், அதற்குத் தனி விலை சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.